அதின்ரை சுபாவம்

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் 1959ஆம் ஆண்டுக் கார். 948 சிசி எஞ்சின், 37 குதிரை வலு. அந்தக் குதிரைகளில் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று நாங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் கியரைப் போட்டு அக்சிலரேற்றரை மிதித்தால் கார் ஒரு கணம் யோசிக்கும். பிறகு ஒரு விக்கல். அதன் பிறகுதான் புறப்படும்.

இந்த விக்கலுக்கென்று எங்கள் குடும்பம் ஒரு தேகாப்பியாசமே வைத்திருந்தது. அப்பா கிளச்சை விடத் தொடங்கியதும், முன்னால் அம்மா, பின்னால் பெரியம்மாவும் பிள்ளைகளும், எல்லாரும் ஒன்றாக முன்னுக்குச் சாய்வோம். சாய்ந்தால் காருக்கு உதவி என்று ஒரு நம்பிக்கை. 2003இல் அக்காவைப் பெண்பார்க்க கொழும்பிலிருந்து வந்தவருக்கு இது தெரியாது. பஸ் நிலையத்தில் ஏற்றிய இடத்திலேயே முன் சீற்றில் மூக்கு இடிபட்டது. அப்படியும் சம்மதம் சொன்னார். அத்தான் பொறுமைசாலி என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

"ஏனப்பா கார் இப்பிடிச் செய்யுது?" என்று கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில்தான். "அது அதின்ரை சுபாவம்." தாத்தா குறட்டை விடுவார், சித்தப்பா கோபிப்பார், கார் விக்கும். விஷயம் முடிந்தது.

அப்பா போன பிறகு கார் என்னிடம் வந்தது. சுபாவத்தைத் திருத்தலாம் என்று எனக்கு ஓர் ஆசை. முதலாவது மெக்கானிக் பிளக் நான்கையும் மாற்றினார். இரண்டாமவர் பொயின்ற், கொயில் எல்லாம் மாற்றினார். மூன்றாமவர் பொனற்றைத் தூக்கியதும், "பெற்றோல் பம்ப் டிக் டிக் எண்டு அடிக்குது, அதுதான் பிழை" என்றார். அந்தப் பம்ப் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான் அடிக்கிறது. அடிக்காவிட்டால்தான் நாங்கள் நடந்து வரவேண்டும். காசு போனது, விக்கல் போகவில்லை.

கடைசியில் சுன்னாகத்தில் ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். எழுபத்தைந்து வயதிருக்கும். எஞ்சினை ஸ்ராட் பண்ணச் சொல்லவேயில்லை. எயார் பில்ரரைக் கழற்றிவிட்டு, காபரேற்றரின் வாய்க்குள் விரலை விட்டுப் பிஸ்டனை மேலே தூக்கினார். அது துள்ளி எழும்பியது.

"பாத்தீரே? மரியாதையில்லாமல் எழும்புது. நல்ல பிள்ளையெண்டால் ஆறுதலா எழும்பவேணும். விழேக்கைதான் டக்கெண்டு விழவேணும்."

இது எஸ்யூ காபரேற்றர். ஸ்கின்னர் என்ற ஆங்கிலக் குடும்பத்தின் கண்டுபிடிப்பு. அவர்களுடைய குடும்பத் தொழில் சப்பாத்து வியாபாரம். அதனாலோ என்னவோ முதல் செய்த காபரேற்றருக்குள் தோல் துருத்திதான் வைத்தார்கள். பிறகு துருத்தி போய்ப் பிஸ்டன் வந்தது. 1926இல் மொறிஸ் முதலாளி கொம்பனியையே வாங்கிவிட்டார். உள்ளே பெரிய வித்தை ஒன்றுமில்லை. எஞ்சின் உறிஞ்ச உறிஞ்சப் பிஸ்டன் மேலே எழும்பும், அதன் அடியில் இருக்கும் கூர் ஊசியும் கூடவே எழும்பிப் பெற்றோலுக்கு வழி விடும். ஆனால் சடாரென்று மிதித்தால் பிஸ்டனும் சடாரென்று எழும்பிவிடும். காற்று முந்திவிடும், பெற்றோல் பிந்திவிடும், எஞ்சினுக்கு விக்கும். அதைத் தடுக்கத்தான் மேல் மூடியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி தொங்குகிறது. அதன் நுனியில் சின்னப் பித்தளைக் குமிழ், சுற்றிவரக் கொஞ்சம் எண்ணெய். பிஸ்டன் அவசரப்பட்டால் அந்த எண்ணெய் பிடித்து வைக்கும்.

"உதுக்கு ஆர் எண்ணெய் விடுறது?" என்று பெரியவர் கேட்டார்.

உதுக்கு எண்ணெய் விடவேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூடி கறுப்பாக, வடிவாக, இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. பெரியவர் அதைத் திருகினார். திருகுப்படவில்லை. இழுத்தார். கையோடு வந்தது. கம்பியுமில்லை, குமிழுமில்லை. சீலைத்துண்டு சுற்றி இறுக்கி, கறுப்பு மை பூசிய ஒரு பனங்கட்டை.

பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "கை வேலை திறம்," என்றார்.

கட்டையை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவ ஆச்சரியப்படவேயில்லை. "உது கொப்பர் செதுக்கினது. சாவகச்சேரியில."

95 ஒக்ரோபரில் சண்டை நெருங்கி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது காரும் எங்களோடு வந்தது. பெற்றோல் தடையில் இருந்த காலம். நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடவேண்டும். அங்கே ஒரு மாமரத்தின் கீழ் மாதக்கணக்கில் நின்றபோது அந்த மூடி எப்படியோ காணாமல் போய்விட்டது. தூசி போகாமல் இருக்க அப்பா பேனாக்கத்தியால் கட்டை செதுக்கி வைத்திருக்கிறார். மண்ணெண்ணெயில் எந்தக் கார்தான் இருமாமல் ஓடியது? ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2002இல் சண்டை ஓய்ந்து, பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தது. மற்றக் கார்களின் இருமல் நின்றது. எங்கள் விக்கல் மட்டும் சுபாவமாகிவிட்டது.

"அப்ப அப்பாக்குத் தெரியுமோ?"

"தெரியாமலோ? பேந்து வாங்கிப் போடுவம் எண்டவர்."

அந்தப் பேந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடியது. அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். இந்தக் காரே குறையோடு பிறந்ததுதான். வடிவமைத்த இசிகோனிஸ், கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று மாதிரிக் காரை நடுவால் நீளத்துக்குப் பிளந்து நான்கு அங்குலம் அகட்டினாராம். பம்பரை அதற்கு முன்பே செய்துவிட்டார்கள். அதனால் ஆரம்பத்தில் வந்த கார்களின் பம்பருக்கு நடுவில் ஒட்டுத்துண்டு. பனங்கட்டை வைத்தவர் அப்பா ஒருவர்தான் என்றில்லை.

சாமான் லண்டனில் சுலபமாகக் கிடைத்தது. மச்சான் லீவில் வரும்போது சொக்லேற்றுகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தான். பெரியவர் இருபதாம் இலக்க எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு மூடியைத் திருகினார். பிஸ்டனைத் தூக்கிப் பார்த்தார். நல்லூரில் சாமி எழும்புவதுபோல ஆறுதலாக எழும்பியது.

வெள்ளிக்கிழமை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கிளச்சை விட்டேன். அம்மா சாய்ந்தா. பெரியம்மா அருச்சனைத் தட்டோடு சாய்ந்தா. அக்கா சாய்ந்தா. மூக்கில் பாடம் படித்த அத்தான் எல்லாருக்கும் முந்திச் சாய்ந்தார். கார் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. சாய்ந்தவர்கள் சாய்ந்தபடி, வராத விக்கலுக்காகக் காத்திருந்தார்கள். தட்டிலிருந்த தேங்காய் மட்டும் உருண்டு காலடியில் விழுந்தது.

"என்னடா தம்பி, காருக்கு ஏதும் பழுதோ?" என்றா பெரியம்மா.

நான் விஷயத்தை விளங்கப்படுத்தினேன். பித்தளை, எண்ணெய், லண்டன் எல்லாம் சொன்னேன். சந்தி வரும்வரை அம்மா பேசாமல் இருந்தா.

"அந்தக் கட்டை எங்க?"

"வீட்டில கிடக்கு அம்மா."

"கவனமா எடுத்து வை. லண்டன் சாமான் எத்தினை நாளைக்குத் தாங்குமோ தெரியாது."