ஒன்றரைச் சுற்று: ஒரு திருகாணி ஆராய்ச்சி

பாயிரம்

1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. 2020இல் பிஎஸ்-6 விதி வந்து புல்லட்டின் கார்புரேட்டரைக் கழற்றி இன்ஜெக்‌ஷனை மாட்டியது. இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அந்த 346 சிசி ஒற்றை சிலிண்டரைப் பற்றி டீக்கடை பெஞ்சுகளில் பேசியதைத் தொகுத்தால் ஒரு கலைக்களஞ்சியம் தேறும். தொகுக்க யாரும் முன்வராதது தமிழின் நற்பேறு. அந்த நற்பேற்றைக் கெடுக்கவே இக்கட்டுரை.

கார்புரேட்டர் உறுப்பியல்

சோக்: காலையில் இழுப்பது, சாயங்காலம் நினைவுக்கு வருவது.

ஃப்ளோட்: மிதப்பது. மிதக்காவிட்டால் பெட்ரோல் தரையில் நிற்கும்.

மெயின் ஜெட்: முக்கால் ஆக்சிலேட்டருக்கு மேல்தான் பேசும். அண்ணா சாலையில் அதற்கு வாய் திறக்க வாய்ப்பில்லை.

ஊசி: ஐந்து வரிப்பள்ளம் உடையது. கிளிப்பை ஒரு வரி கீழே இறக்கினால் ஊசி மேலேறும், பெட்ரோல் கூடும். இது முரணன்றோ எனின், அன்று, கழற்றிப் பார்க்க.

ஐடிலிங் ஸ்க்ரூ: ஸ்லைடைத் தாங்கிப் பிடிப்பது.

ஏர் ஸ்க்ரூ: இதுவே நம் ஆய்வுப்பொருள். மற்றவை இதற்குத் தோரணவாயில்.

ஒன்றரையியல்

மிக்கார்ப் விஎம் 24 கார்புரேட்டரின் பக்கவாட்டில் சின்னதாய் ஒரு பித்தளைத் திருகாணி. அதை உள்ளே முடுக்கினால் காற்று குறைந்து கலவை கொழுக்கும். வெளியே எடுத்தால் காற்று கூடி மெலியும். வழக்கம் என்னவெனில், முழுக்க முடுக்கிவிட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது. பின்பு இன்ஜினைச் சூடாக்கி, அங்கிருந்து இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பி, ஓட்டம் உச்சத்துக்கு எழும் இடத்தைக் காதால் பிடிப்பது. பிடித்ததும் ஐடிலிங்கைத் தணித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைப்பது. ஐந்து நிமிட வேலை.

ஐந்து நிமிட வேலை தனித்துறையாக வளர இரண்டு பேர் போதும்.

முதற்பள்ளி ஒன்றேகால் என்னும். இரண்டாம் பள்ளி ஒன்றேமுக்கால் என்னும். வழக்கில் உள்ள ஒன்றரையை இருவரும் பாமரர் கொள்கை என ஒதுக்குவர். ஒன்றேகாலுக்கு மூலச்சான்று: ஒர்க்‌ஷாப் சுவர், கிழக்குப் பக்கம், பென்சில். ஒன்றேமுக்காலுக்கு: பிளக் அட்டைப்பெட்டி, உள்மடிப்பு, நீல பால்பாயின்ட், ஆயில் கறை போக எஞ்சியது. இதற்குத் துணைச்சான்று: பஞ்சர் கடை பில், பின்பக்கம், வலது ஓரம், வட்டிக் கணக்குக்கும் பால் கணக்குக்கும் நடுவே. அங்குள்ள 1¾ என்பது பாலின் அளவே என முதற்பள்ளி மறுக்கும். 1¾ லிட்டர் பால் வாங்கும் வீடு தமிழ்நாட்டில் உண்டா என இரண்டாம் பள்ளி மறுப்பை மறுக்கும். இரண்டுக்கும் தீர்வு சொல்வது: கிரீஸ் டப்பா மூடி, உட்புறம், ஆணிக் கீறல், மூன்றாம் வரி, மூடியைத் தலைகீழாகப் பிடித்துச் சாயங்கால வெயிலில் மட்டும் வாசிக்க வருவது. டப்பா கிடைத்திருக்கிறது, மூடி கிடைக்கவில்லை. ஆனாலும் இருதரப்பும் அதையே மேற்கோள் காட்டுகின்றன.

இரு பள்ளிகளின் தலைவர்களும் புல்லட்டின் கிக்கரை உதைத்தவர்கள் அல்லர். ஒருவருக்கு முழங்கால் வலி; மற்றவரிடம் கார். இது புலமைக்குக் குறையாகாது. சங்க இலக்கிய மலர்களைப் பற்றித் தடித்தடியாய் எழுதியோரில் வேலியோரம் போய்க் காந்தளைப் பார்த்தவர் எத்தனை பேர் என்று நாம் கேட்கிறோமா?

களஆய்வு

இரு பள்ளியார் முன்னிலையில் ஒரு வண்டி நிறுத்தப்பட்டது. பிளக்கைக் கழற்றினர், கறுப்பாய்க் கரி. கலவை கொழுப்பு என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை என்பதால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிளக்கைத் துடைத்து மாட்டி, வண்டியைச் சூடாக்கித் திருகாணியை ஒன்றேகாலில் வைத்தனர். டுப், டுப் என்று நிதானமாக ஓடியது. ஒன்றேமுக்காலுக்குத் திருப்பினர். ஐடிலிங் தானாக ஏறியது. இரண்டாம் பள்ளி கைதட்டியது. இன்னும் ஏறியது, தொடர்ந்து கைதட்டினர். சட்டென்று அணைந்தது. முதற்பள்ளி கைதட்டியது.

கடைப் பையன் குனிந்து பெட்ரோல் டேப்பைத் திறந்தான். அது மூடிக் கிடந்தது. கிண்ணத்தில் பெட்ரோல் வற்ற வற்றக் கலவை மெலிந்து இன்ஜின் எகிறும், பிறகு நிற்கும்; திருகாணிக்கு அதில் பங்கில்லை என்றான்.

இத்துறையின் வரலாற்றில் முதன்முறையாக இரு பள்ளிகளும் ஒரு முடிவுக்கு வந்தன: பெட்ரோல் டேப் இடைச்செருகல்.