ஆத்தாவுக்குப் பதவி உயர்வு

மலையில் பேர் பதிந்த அன்று கொழுந்துக்காரி, பேர் வெட்டிய அன்றும் கொழுந்துக்காரி. நாற்பது வருஷம் கூடை சுமந்தாலும் பதவி உயர்வு என்ற பேச்சே கிடையாது. திம்புள்ளப் பக்கத்து ஆத்தாமாரின் இந்தக் குறையை 2023 ஜூலையில் அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும தீர்த்து வைத்தது. ஒரேயடியாக நாலு பதவி!

முதலாவது, லிகிதர். தன் ஏழ்மைக்கு ஆத்தாவே கோப்புத் தயாரிக்க வேண்டும். கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு என்று 22 குறிகாட்டிகள். லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்து பார்த்தால் ஒரே குறிகாட்டி போதும். ஆனால் அரசாங்கத்துக்குக் கண்ணைவிடக் கணினியில்தான் நம்பிக்கை.

இரண்டாவது, சட்டத்தரணி. பட்டியலில் பெயர் இல்லையா? மேன்முறையீடு செய். நாடு முழுக்க ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. இத்தனை சட்டத்தரணிகளை எந்தச் சட்டக்கல்லூரி உருவாக்கியது?

மூன்றாவது, உளவாளி. தெரிவானவர்களுக்கு எதிராக யாரும் ஆட்சேபனை கொடுக்கலாமாம். லயத்தில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரு சுவர். அடுத்த காம்பராவில் கருவாடு பொரிக்கும் வாசம் வந்தால் ஆதாரம் தயார்.

நாலாவது, வங்கி வாடிக்கையாளர். உதவிப் பணத்துக்காகப் பஸ் ஏறித் தலவாக்கலையில் வரிசையில் நின்றால் அன்றைய பேர் போச்சு.

நாலு பதவிக்கும் சம்பளம் கிடையாது. பிரஜை என்ற பதவியும் இப்படித்தான். தோட்டத்து மக்களிடமிருந்து 1948இல் பறித்தார்கள், தவணை முறையில் திருப்பித் தந்தார்கள். வாக்குச்சீட்டு வந்த பிறகும், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவிட வழிவிடவில்லை. அதைத் திருத்த 2018 ஆனது.

இப்போது புதிதாக ஒருவர் உதவி பெற வந்திருக்கிறார். 2026 வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கியது. அதற்குமேல் வரவுக் கொடுப்பனவு 200 ரூபா. அது திறைசேரிப் பணம். ஒதுக்கீடு 5,000 மில்லியன். ஆத்தாவின் கைக்குத்தான் அது வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வேலை வாங்கிய கம்பனி தர வேண்டிய கூலியில் ஒரு பங்கை நாடு கட்டுகிறது. ஆத்தா வாங்கும் சவர்க்காரத்தின் வரியும் அதில் சேர்த்தி. தன் கூலிக்குத் தானே காசு போடுகிறாள்!

கம்பனியின் சொத்து என்ன, பங்களாவில் எத்தனை அறை, மின்சாரப் பட்டியல் எவ்வளவு என்று எந்த உத்தியோகத்தரும் படியேறிக் கேட்கவில்லை. 22 வேண்டாம், இரண்டு குறிகாட்டிகூட இல்லை. ஆத்தா, அந்த ஆட்சேபனைப் படிவத்தில் ஒன்று எடுங்கள். பங்களா விலாசத்தை எழுதுங்கள்.