மைக் எங்க வெச்சாங்க?

துப்பாக்கிக்கு சைலன்சர் வாங்கியவரால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. ஒருமுறை காட்டுவார், நாமும் "ஓஹோ" என்போம், பெட்டிக்குள் போய்விடும். வாங்கப்போகிறவர்தான் ஆபத்து. டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே நம் ஆட்கள் குடியேறிய புறநகர் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். பிறந்தநாள் விருந்தில் பிரியாணித் தட்டோடு ஓரமாக நிற்பவர்களைத் தேடி வருவார்.

நம்ம அண்ணன் கிரீன் கார்டுக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தவர். விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் பொதுவாக இடம் தராது என்பதால் ஆசையை அதுவரை பொத்தி வைத்திருந்தார். கார்டு வந்தது. துப்பாக்கியை ஒரே சாயங்காலத்தில் வாங்கினார். சைலன்சருக்கு இது நாலாவது வருடம்.

தெரியாத்தனமாக ஒருநாள் சொன்னேன்: "அண்ணே, இந்த கம்பெனி 134 டெசிபல்னு போட்டிருக்கான். நல்லாத்தானே இருக்கு?"

அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். "மைக் எங்க வெச்சாங்க?"

ராணுவ அளவுமுறை ஒன்று உண்டாம். குழல் வாயிலிருந்து இடப்பக்கம் ஒரு மீட்டர், தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரம், அங்கே மைக். கம்பெனிக்காரர்கள் பெரிதாக அச்சடிப்பது பெரும்பாலும் அந்த எண்ணைத்தான். "சுடுறவன் காது அங்கயா தம்பி இருக்கு? காது இங்க இருக்கு" என்று தன் காதைத் தொட்டுக் காட்டினார். குழம்புக் கை. தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளில் சைலன்சர் மாட்டினால் வாயு பின்பக்கமாகத் திரும்பி, காலித் தோட்டா வெளியேறும் வாசல் வழியாக முகத்துக்கு நேரே சத்தத்தோடு வரும். முன்னால் சாதுவாக இருக்கிற அதே சாமான் காதருகே வேறு எண் காட்டும். சரி என்றேன். விடுவாரா? குழல் பத்தரை அங்குலமா, பதினாறா? எந்தத் தோட்டா? முதல் குண்டைக் கணக்கில் சேர்த்தானா? ஏனென்றால் முதல் குண்டின்போது உள்ளே தங்கியிருக்கும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து எரிவதால் சத்தம் கூடுமாம். அதை நைசாகச் சராசரிக்குள் ஒளித்துவிடுவார்களாம்.

எரிச்சல் என்னவென்றால், இவ்வளவும் உண்மை. சைலன்சர் இல்லாத ரைஃபிள் 165 டெசிபல் பக்கம் அடிக்கும்; மாட்டினால் முப்பது குறையலாம். குறைந்தாலும் சினிமாவில் வருகிற 'புஸ்' கிடையாது. ஒலியைவிட வேகமாகப் போகிற குண்டு வழியெல்லாம் 'படார்' என்று தன் சொந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டே போகும். அதை எந்தக் குழாயாலும் அடக்க முடியாது. வாங்குவதும் லேசில்லை. கைரேகை, போட்டோ, மத்திய அரசுப் படிவம். காசைக் கட்டிய பிறகும் அனுமதி வரும்வரை சாமான் கடையிலேயே கிடக்கும். வீட்டுக்கு வந்தபின் பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்ள ஆள் தேடுவது பெரும்பாடு. புடவையைப் பிரித்துப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்து வாங்கு என்றால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கேள்வி துப்பாக்கியோடு நிற்கவில்லையே. அண்ணி ஒருநாள் மிக்சி ரொம்பக் கத்துகிறது என்றார். "நீ எங்க நின்னு கேட்ட?" கோயில் விழாவில் தவில் காதைக் கிழித்துவிட்டது என்று ஒரு பெரியவர் அலுத்துக்கொண்டார். "தவிலுக்கு எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க ஐயா? தொப்பிப் பக்கமா, வலந்தலையா?" குக்கர் விசிலில் முதல் விசிலைத் தனியாகக் குறித்துக்கொள்கிறார். ஊரில் சைலன்சரைக் கழற்றிவிட்டு புல்லட் ஓட்டிய மனிதர் இவர் என்று அண்ணி சொன்னபோது எனக்கு மயக்கமே வந்தது.

சத்தத்தை அடக்கும் இந்தக் குழாய்க்கு 1909-இல் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் பெர்சி மேக்சிம். அவருடைய அப்பாதான் மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்து, வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டுக் காது போனவர். இந்தக் கதையை அண்ணன் எனக்கு ஏழெட்டுத் தடவை சொல்லியிருக்கிறார். சொன்னவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், சனிக்கிழமைகளில் சுடுதளத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போகிறார் (கட்டணம் என் அட்டையில்). யாராவது சைலன்சர் வைத்துச் சுட்டால் "வித்தியாசம் தெரியணும்ல" என்று காதுக் கவசத்தைத் தூக்குவார். என் கையில் போனைக் கொடுத்து அளக்கச் சொல்வார். போன் மைக் அந்த அடியைத் தாங்காது, நொடிக்கு ஒன்றேமுக்கால் லட்சம் தடவைக்கு மேல் பதிகிற கருவி வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இரண்டு வருடமாக இடது காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்கிறார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. போன காது திரும்பாது. காதைக் காப்பதற்கான சாமானைத் தேடிக் காதைத் தொலைத்துக்கொண்டிருக்கிறார், சொன்னால் கேட்பதில்லை. இப்போதெல்லாம் இடப்பக்கம் நின்று சொன்னால் நிஜமாகவே கேட்பதில்லை.

சைலன்சருக்கு 1934-இலிருந்து இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி முதல் தேதியோடு பூஜ்யமானது. இனி வாங்கிவிடுவார் என்று அண்ணி நம்பினார். "இப்பத்தான் வாங்கக் கூடாது. கூட்டம் அலைமோதும். அவசரத்துல செய்ற சாமான் உருப்படாது."

போன சனிக்கிழமை பொறுக்க முடியாமல் ஒரு பொட்டலம் பஞ்சு அடைப்பான் வாங்கிக் கையில் திணித்தேன். "கவசத்துக்குள்ள இதையும் வெச்சுக்குங்கண்ணே. 33 டெசிபல் குறைக்கும்னு போட்டிருக்கு." வாங்கிக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி. சிரித்துக்கொண்டே கேட்டேன்: "ஆமா, இதுக்கு மைக் எங்க வெச்சிருப்பாங்க?"

அண்ணன் பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்க எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். வீடு வரும்வரை பேசவில்லை. செவ்வாய்க்கிழமை எக்செல் தாள் வந்தது. நாற்பத்தொரு வரிசை. ஆராய்ச்சி முடியும்வரை எதையும் காதில் வைப்பதாக இல்லையாம்.