பட்டணத்தில் என்ன விசேஷம்?

எண்பதுகளில் கார்த்திகை பிறந்தாலே எனக்கு அஞ்சலட்டைகள் வரத் தொடங்கிவிடும். கோவில்பட்டி, திருநெல்வேலி, சில சமயம் காரைக்குடி. "டிசம்பர் கடைசியில் பட்டணம் வருகிறேன். நாலு நாள் தங்கல். என்ன பார்க்கலாம், என்ன கேட்கலாம், என்ன புத்தகம் வாங்கலாம்? உடன் பதில் எழுதவும்." 15 பைசா அட்டையில் கேள்வி வரும், 15 பைசா அட்டையிலேயே பதில் போகும். எவ்வளவு நுணுக்கி எழுதினாலும் கொஞ்ச வரிகள்தான் பிடிக்கும். அதனால் பேனாவை எடுக்கும் முன் கேட்கிறவரை நினைத்துப் பார்ப்பேன். முக்கால் மணி நேர ஆலாபனைக்கு அசையாமல் உட்காரக்கூடியவரா? கச்சேரி முடிந்து திருவல்லிக்கேணி மேன்ஷனுக்குத் திரும்ப பஸ் கிடைக்குமா? புத்தகத்துக்கென்று கையில் எவ்வளவு வைத்திருப்பார்?

பதிலில் பாதி, எதை விட்டுவிடலாம் என்பதாகத்தான் இருக்கும். மியூசிக் அகாடமி மாலைக் கச்சேரிக்கு வரிசையில் நிற்க வேண்டாம்; மதியம் போங்கள், காசும் இல்லை, இடமும் உண்டு. அந்தப் புதுப்படம் கோவில்பட்டிக்கே வரும். இங்கே ஊருக்கு வராத படத்தைப் பாருங்கள். இப்படி வெட்டிக் கழித்த பிறகு நாலைந்து பெயர்கள் மிஞ்சும். அந்த நாலைந்துக்கு நான் பொறுப்பு. வருகிறவர் ஊர் திரும்பும்போது எழும்பூர் ஸ்டேஷனில் என் முகத்தைப் பார்த்துத்தான் ரயில் ஏறுவார்.

தகவல் வீடு தேடி வராத காலம் அது. ஆங்கில நாளிதழில் அன்றைய நிகழ்ச்சிகள் என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி வரும். கத்தரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் நடந்து சேகரித்தது. சபா வாசலில் கரும்பலகை இருக்கும். பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று வரிசையாகப் பெயர்கள். யாராவது ஒருவர் வர முடியாமல் போனால் அந்த வரியை மட்டும் ஈரத்துணியால் துடைத்துப் புதுப் பெயர் எழுதுவார்கள். ஈரம் காயாத பலகையில் சாக்பீஸ் சரியாகப் பிடிக்காது. மற்ற வரிகள் பளிச்சென்று இருக்க, அது மட்டும் மங்கித் தெரியும். தெருவின் எதிர்ச் சாரியில் நடக்கும்போதே இன்றைக்கு யாரோ மாறியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சாலையைக் கடந்து போய் யாரென்று பார்த்துவிட்டு, தெரிந்த நாலு பேருக்குச் சொல்வோம்.

சிறுபத்திரிகைக் கூட்டங்களுக்கு அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகத்தின் எல்.எல்.ஏ. கட்டடம். உலக சினிமாவுக்குக் கஸ்தூரி ரங்கன் சாலை சோவியத் கலாசார மையமும் மாக்ஸ்முல்லர் பவனும் அலியான்ஸ் பிரான்சேஸும். திரைப்படச் சங்கங்கள் சைக்ளோஸ்டைல் தாளில் அந்த மாதப் பட்டியலை அச்சிட்டு அனுப்பும். 29சி பஸ்ஸில் ஏறினால் மயிலாப்பூர், ஜெமினி, நுங்கம்பாக்கம் எல்லாம் ஒரே வண்டியில் முடியும்.

சபையர் வளாகத்தில் சபையர், எமரால்ட், புளூ டயமண்ட் என்று மூன்று தியேட்டர்கள். புளூ டயமண்டில் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே யாரையும் வெளியேற்ற மாட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். வெளியூர்க்காரருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ரயிலுக்கு நேரம் இருக்கும் பிற்பகலை ஏ.சி.யில் கழித்துவிட்டு, பாதியில் பார்த்த படத்தின் முன்பாதியையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். 1994இல் அந்த வளாகம் மூடப்பட்டது. மூர் மார்க்கெட் அதற்கு முன்பே, 1985இல், எரிந்துபோனது. இன்று சென்ட்ரலில் புறநகர் ரயிலுக்கு டிக்கெட் வாங்கும் இடத்தில்தான் பழைய புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. இந்த இரண்டு இழப்பையும் நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் இருந்தார். அவர் பெயரை யாரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் அண்ணாச்சி. நாம் எதைக் கையில் எடுக்கிறோம் என்பதைவிட எதை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறோம் என்பதைத்தான் கவனிப்பார். அரை மணி நேரம் ஒன்றும் பேச மாட்டார். பிறகு குனிந்து, கோணி விரிப்பின் ஓரத்து அடுக்கில் கீழே இருந்து ஒன்றை உருவுவார். மேலே இருக்கும் புத்தகங்களை இடது கையால் தாங்கிக்கொண்டு வலது கையால் இழுப்பதில் அடுக்கு சாயாது. புறங்கையால் தூசியைத் தட்டி நீட்டுவார். "தம்பி, இதக் கொண்டு போங்க. பிடிக்கலன்னா திரும்பக் கொண்டாந்து குடுங்க, காசத் தந்துடறேன்." அசோகமித்திரனின் 'தண்ணீர்' எனக்கு அவர் கையிலிருந்துதான் வந்தது. சென்னைக்கு வருகிற நண்பர்களுக்கு நான் அதிகம் பரிந்துரைத்த புத்தகம் அதுவாகத்தான் இருக்கும். குடத்தோடு அலையும் இரண்டு பெண்களின் கதை வழியாக இந்த நகரம் புரிவதுபோல் எந்த வழிகாட்டி நூலிலும் புரியாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, எழுபதுகளில் எழுதப்பட்ட அந்த நாவலைத் தேடி இளைஞர்கள் எனக்கு போன் செய்தார்கள்.

பெயர் போட்டுப் பரிந்துரைக்கிறவர்களும் அன்று இருந்தார்கள். க.நா.சுப்ரமண்யம் 'படித்திருக்கிறீர்களா?' என்று ஒரு புத்தகமே எழுதினார். அவருடைய பட்டியல்களில் இடம்பெறாதவர்கள் கோபப்பட்டார்கள், இடம்பெற்றவர்களும் சண்டை போட்டார்கள். கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தில் சுஜாதா ஒரு கவிதைத் தொகுப்பைக் குறிப்பிட்டால் அடுத்த வாரம் அதைத் தேடி நாங்கள் அலைவோம். இசை விமர்சகர் சுப்புடு எழுதியதைப் படித்துவிட்டு, அவர் சொன்னது சரிதானா என்று பார்க்கவே கச்சேரிக்குப் போனவர்கள் உண்டு. இவர்களோடு மாறுபடலாம், கடிதம் எழுதித் திட்டலாம். ரசனைக்கு ஒரு முகவரி இருந்தது.

ஆனால் அந்தக் காலத்துப் பட்டியல்கள் எல்லாமே ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றின என்பதையும் சொல்லியாக வேண்டும். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர், நுங்கம்பாக்கம். வடக்கே வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் இரவெல்லாம் கானா பாடினார்கள். எந்த நாளிதழின் நிகழ்ச்சிப் பத்தியிலும் அது வந்ததில்லை. பறை என்றால் ஊர்வலத்தில் போவது, மேடையில் கேட்பதல்ல என்று வைத்திருந்தார்கள். 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கியபோது, நவீன நாடகக்காரர்கள் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்ற பேச்சே பலருக்குப் புதிதாக இருந்தது. பட்டணத்தில் என்ன விசேஷம் என்ற கேள்விக்குப் பதில் சொன்ன நாங்கள் பட்டணத்தின் பாதியைத்தான் அறிந்திருந்தோம்.

இன்று அந்தக் கேள்வியை என் அக்கா மகளிடம் நான் கேட்கிறேன். தரமணியில் வேலை பார்க்கிறாள். "மாமா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எதுவும் வச்சுக்காதீங்க" என்று வாட்ஸப்பில் ஒரு வரி வரும், கூடவே வரைபடம். 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கடற்கரை மணலில் மேடை போட்டுக் கர்நாடக இசையும் பரதமும் பறையும் ஒன்றாக நடந்ததை அவள் சொல்லித்தான் அறிந்தேன். 2018இல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலாகக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியதையும், 2020இலிருந்து நடக்கும் 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சியையும் அப்படித்தான். மார்கழி என்ற மாதத்துக்கு எத்தனை பேர் சொந்தக்காரர்கள் என்று அந்த அரங்கில் உட்கார்ந்தால் தெரியும்.

பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னை சங்கமம் கலைவிழாவுக்கும் அவளோடுதான் போனேன். 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் மீண்டும் வந்தது. பூங்கா ஒன்றில் ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. மேடைக்குப் பின்னால் மரத்தடியில் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தி, பறையின் முகத்தைத் தீயின் மேலே காட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். சுழற்றிச் சுழற்றிக் காட்டுவார், எடுத்து விரல் நுனியால் தட்டுவார், காதைச் சாய்ப்பார், மறுபடி தீயில் காட்டுவார். தொளதொளவென்று இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, ஒரு கட்டத்தில் கணீரென்று தெறித்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பறையை எடுத்தார். மேடையில் ஒருவர் தம்புராவைச் சுருதி சேர்ப்பதை எவ்வளவு மரியாதையோடு பார்ப்போமோ அதே மரியாதையோடு நின்று பார்த்தேன். அக்கா மகள் சும்மா இருந்தாள். அவளுக்குத் தெரியும், எனக்கு எது பிடிக்கும் என்று.

இயந்திரமும் இன்று எனக்குப் பரிந்துரைக்கிறது. நான் பார்த்ததை வைத்து அதே மாதிரி இன்னொன்றை நீட்டிக்கொண்டே இருக்கிறது. எதையும் விட்டுவிடும்படி அது ஒரு நாளும் சொன்னதில்லை. அது நீட்டுவதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டியும் இருக்கிறது. 'சார்பட்டா பரம்பரை' வடசென்னைக் குத்துச்சண்டைக் கூட்டத்தின் ஆரவாரத்தைப் பற்றிய படம். 2021 பெருந்தொற்றுக் காலத்தில் ஓடிடியில் நேரடியாக வந்ததால் அவரவர் வீட்டில் கூட்டமில்லாமல் பார்த்தோம். என்றைக்காவது ஒரு பெரிய திரையில், விசில் சத்தத்தோடு அதைப் பார்க்க ஆசை.

டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை இந்த ஊர் இசை விழா, திரைப்பட விழா, புத்தகக் காட்சி, மக்களிசை, சங்கமம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுகிறது. சபாக்களின் முழுப் பட்டியலும் கைபேசியில் இருக்கிறது. அப்படியிருந்தும் போன மார்கழியில் ஒரு சபாவில் மதியம் இரண்டு மணிக்கு நுழைந்தேன். மேடையில் நான்கு பேர், கீழே முப்பது பேர் இருந்தால் அதிகம். பத்தொன்பது, இருபது வயதுப் பெண் கரஹரப்ரியாவை எந்த அவசரமும் இல்லாமல் விரித்துக்கொண்டிருந்தாள். மேல் ஸ்தாயிக்குப் போகும் வழியில் ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று, அங்கே இருப்பதையெல்லாம் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். வயலின் வாசித்த பையன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இலவசக் கச்சேரி. அந்தக் காலி நாற்காலிகளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இதைக் கேட்கக் கரும்பலகை தேடி அலைந்த தலைமுறையில் வந்தவன் நான்.

போன வாரம் அக்கா மகள் ஒரு செய்தியை எனக்கு அனுப்பினாள். அவளுடைய பெங்களூர்த் தோழி மூன்று நாள் வருகிறாளாம். "மாமா, நூறு நிகழ்ச்சி லிங்க் அனுப்பிட்டேன். குழம்பிப் போய் நிக்கறா. நீங்க சொல்லுங்க."

அந்தப் பெண்ணைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டுச் சொன்னேன். நட்சத்திரக் கச்சேரி எல்லாவற்றையும் விட்டுவிடட்டும். அவற்றை வேறு நாளில் வேறு ஊரில் கேட்டுக்கொள்ளலாம். முதல் நாள் காலை எட்டு மணிக்கு மியூசிக் அகாடமியின் செயல்முறை விளக்க உரைக்குப் போகட்டும். 1928இல் அகாடமி தொடங்கியதே பாடுவதோடு சேர்த்துப் பேசவும் விவாதிக்கவும்தான். அங்கிருந்து ஏதாவது ஒரு சபா கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, மதியம் வயதில் சிறிய பாடகர் ஒருவரின் கச்சேரி, மூன்றாவது வரிசைக்குள் உட்கார்ந்து. பாடுகிறவருக்கு அது தெம்பு.

இரண்டாம் நாள் புத்தகத்துக்கு. 1977இல் மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் ஆரம்பித்த புத்தகக் காட்சி இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடக்கிறது. அவள் வரும் நாளில் தொடங்கியிருந்தால் வார நாளில் போகட்டும். முதல் சுற்றில் எதுவும் வாங்காமல் சிறு பதிப்பகங்களின் கடைகளில் நின்று புரட்டட்டும். தொடங்கவில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டு போய்ப் படிக்கவும் அங்கே இடம் உண்டு. வாங்க வேண்டியது இரண்டே புத்தகங்கள்: ஒன்று 'தண்ணீர்', இன்னொன்று வடசென்னை பற்றிப் பாக்கியம் சங்கர் எழுதிய 'நான்காம் சுவர்'. அன்று மாலை 'மெட்ராஸ்' படத்தை அறையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மூன்றாம் நாள் காலை கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறி ராயபுரத்தில் இறங்கட்டும். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ஸ்டேஷன் அது. அங்கிருந்து நடந்தே வண்ணாரப்பேட்டை வரை போகலாம். வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும், தொப்பி கொண்டு வரச் சொல். வழியில் டீ எங்கே நன்றாக இருக்கும், எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்றெல்லாம் எழுதினால் நீளும். தனியாகப் போகத் தயங்கினால், ஏழரை மணிக்குக் கடற்கரை ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் நானே வந்து நிற்கிறேன் என்று சொல்.