திங்கள் முதல் வெள்ளி கம்பெனிக்கு, சனிக்கிழமை பென்குவினுக்கு

சனிக்கிழமை காலையில் பெங்களூர்ப் பொறியாளருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கும்: நந்தி மலை, ஷாப்பிங் மால், சமூக சேவை. நந்தி மலைக்குப் போக விடியற்காலை மூன்றரைக்கே எழ வேண்டும். மாலுக்குப் போனால் பர்ஸ் இளைக்கும். ஆகவே அவர் சமூக சேவைக்கு வந்து சேர்கிறார்.

அதிலும் பல பிரிவுகள். ஏரி காப்பவர்கள் இருக்கிறார்கள், கால் சேறாகும். தெருநாய்க்குச் சோறு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அபார்ட்மெண்ட் சங்கத்தோடு சண்டை வரும். ஏசி அறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டே ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டுமென்றால் ஒரு வழிதான் உண்டு. அது கல்விக்கான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பள்ளிகளுக்குக் காசில்லாமல் கொடுக்கலாம்.

இந்த இனத்தில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். வாடகை வீடு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில், வேலை வெளிவட்டச் சாலையில். அமெரிக்காவில் யாரோ ஒருவர் ஷூ வாங்கும்போது ‘கூடவே இந்த சாக்ஸையும் வாங்குங்களேன்’ என்று திரையில் கேட்பது அவர் எழுதிய நிரல்தான். பத்து வருடம் இதையே செய்தவருக்கு ஒருநாள் மனசாட்சி உறுத்தியதில் ஆச்சரியமில்லை. இத்தனை நாள் உறுத்தாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

பெங்களூரில் மனசாட்சி உறுத்தினால் ஆப் எழுதுவது வழக்கம். அவரும் பெயர் யோசித்தார், லோகோ வரைந்தார், டொமைனும் வாங்கிவிட்டார். குழந்தைகள் விளையாடிக்கொண்டே எழுத்தும் எண்ணும் கற்க ஒரு மென்பொருள்! அப்புறம்தான் விசாரித்தார். பிரெஞ்சுப் பொறியாளர் புரூனோ குதுவான் 2000-இலேயே ஜிகாம்ப்ரி என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்; அது நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளோடு வளர்ந்து நிற்கிறது. சரி, படம் வரைய ஒன்று செய்யலாமென்றால், பில் கென்ட்ரிக் 2002-இல் டக்ஸ் பெயின்ட் கொடுத்துவிட்டார். வடிவியல்? ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் முதுகலை ஆய்வுக்காக 2001-இல் ஆரம்பித்த ஜியோஜீப்ரா இருக்கிறது. இணையவழி வகுப்புக்கு 2002-இலிருந்து மூடுல். இவர் கண்டுபிடிக்க நினைத்ததையெல்லாம், இவர் பிளஸ் டூ முடிப்பதற்குள் யார் யாரோ கண்டுபிடித்து இலவசமாகவும் கொடுத்துவிட்டார்கள். நாட்டுக்கு நல்லதுதான். இவருக்குத்தான் தாங்க முடியவில்லை.

புதிதாக ஒன்றைச் செய்துவிட்டால் பள்ளிக்கூடம் மாறிவிடும் என்ற இந்த நம்பிக்கை பெங்களூருக்குப் பழையது. 1990-களின் கடைசியில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்துப் பொறியாளர்களும் சேர்ந்து ‘சிம்பியூட்டர்’ என்ற கையடக்கக் கணினியை வடிவமைத்தார்கள். லினக்ஸில் ஓடும், இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும், விலை சுமார் 9,000 ரூபாய் என்று திட்டம். வன்பொருள் வடிவத்தையே பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். 2001-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் வானளாவப் புகழ்ந்தார். சத்தீஸ்கரில் கிராமப் பள்ளியில்கூட வைத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது 50,000, விற்றது சில ஆயிரம். தொடுதிரைக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே அலையும் காலம் வந்தபோது சிம்பியூட்டர் கடையில் இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான், செலவு மட்டும் பெரியது. குழந்தைக்கு ஒரு லேப்டாப் என்று நிக்கோலஸ் நெக்ரோபோன்ட்டே 2005-இல் அறிவித்தார். நூறு டாலர் என்று சொன்ன பச்சை லேப்டாப் 2007-இல் தொழிற்சாலையை விட்டு வரும்போது 180 டாலரைத் தாண்டியிருந்தது. 2006-இலேயே இந்தியக் கல்விச் செயலர் சுதீப் பானர்ஜி வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஆடம்பரக் கருவியைவிட வகுப்பறையும் ஆசிரியரும்தான் இங்கே அவசரத் தேவை என்பது அவர் வாதம். பெருநாடு லட்சக்கணக்கில் வாங்கியது. 319 கிராமப் பள்ளிகளில் ஆய்வு நடத்திய இன்டர் அமெரிக்கன் வளர்ச்சி வங்கி, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறியதற்குச் சான்றில்லை என்று 2012-இல் சொன்னது. டெல்லி அதிகாரி ஒருவர் கோப்பில் ‘வேண்டாம்’ என்று எழுதியது சரியாகப் போன அபூர்வமான தருணம் அது.

நம்மவர் இதையெல்லாம் படித்துத் திருந்தி, புது ஆப் வேண்டாம், இருப்பதையே மேம்படுத்துவோம் என்ற ஞானத்துக்கு வந்தார். வாங்கிய டொமைனுக்கு மட்டும் வருடா வருடம் பணம் கட்டிவருகிறார்.

இனி அவர் பங்களிப்பாளர். அலுவலகத்தில் பதினைந்து பேரை அதட்டுகிறவர். இங்கே அவர் அனுப்பிய திருத்தத்தைப் பார்ப்பவர் பெரும்பாலும் கல்லூரி இரண்டாம் வருட மாணவர். ‘நன்றி. ஆனால் அரபு மொழியில் திரை வலமிருந்து இடமாக ஓடுமே, சோதித்துப் பார்த்தீர்களா?’ என்று பணிவாகக் கேட்பார். பார்க்கவில்லை. திருத்தி அனுப்பினால் காற்புள்ளி இடம் மாறியிருக்கிறது என்பார். அப்ரைசலில் மேனேஜர் சொல்லியும் மாறாத நம்மவர், சம்பளமே இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறார். மனைவிக்கு இது புரியவேயில்லை. “வீட்டில குழாய் சொட்டுதுன்னு ஒரு மாசமா சொல்றேன், அதுக்கு ஒரு திருத்தம் அனுப்பக் கூடாதா?” என்பது அவர் தரப்பு.

பங்களிப்பு என்றால் டி-ஷர்ட்டைச் சொல்லாமல் முடியாது. அக்டோபர் மாதத்தில் நாலு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் என்று டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ நடத்திவந்தது. 2020-இல் அந்தச் சட்டைக்காக உலகம் முழுவதும் ஒரு படையெடுப்பு நடந்தது. நம் நாட்டு மாணவர்களுக்கு அதில் கணிசமான பங்கு. எப்படி எளிதாகத் திருத்தம் அனுப்புவது என்று ஒரு யூடியூப் வீடியோ சொல்லிக் கொடுக்க, அதில் வந்த ‘அமேசிங் புராஜெக்ட்’ என்ற சொற்களை உலகின் எல்லா மென்பொருள்களின் முகப்புக் குறிப்பிலும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நிரலைப் பராமரிப்பவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். மாதம் பிறந்து சில நாளிலேயே, சம்மதம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்புவது மட்டுமே செல்லும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. சட்டைக்குச் சேவை செய்வது நமக்குப் புதிதல்ல. தேர்தல் காலத்தில் வேட்டி, அக்டோபரில் டி-ஷர்ட்.

இவ்வளவு கேலிக்கும் நடுவில், இதே பெங்களூரில் சத்தமில்லாமல் நடந்த காரியங்கள் உண்டு. பன்னேர்கட்டா சாலைப் பக்கம் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தானமாக வந்த கணினிகள், அடிக்கடி போகும் கரண்ட், வார இறுதியில் வரும் தன்னார்வலர்கள். அங்கே பயின்ற ஒரு சிறுவன் கிம்ப் மென்பொருளில் வரைந்த படங்கள், நகரில் நடந்த மாநாட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டு விலைக்கும் போயின. க்னூ திட்டம் தன் கல்விப் பிரிவில் இந்த மையத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது.

பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரும் பெங்களூர்ப் பிள்ளைதான். படக்கதைகளை யாரும் எடுத்து மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள். எக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கித் திறந்துவிட்ட சன்பேர்ட் நிரலின்மேல்தான் 2017-இல் தொடங்கிய தீக்ஷா என்ற அரசுக் கல்வித் தளம் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்களைப் பிரித்தவர்கள் பாடத்தின் ஓரத்தில் அந்தத் தளத்துக்கு இட்டுச்செல்லும் கியூஆர் கட்டத்தைப் பார்த்திருப்பார்கள். “பாடம் பார்க்கணும், போனைக் குடுங்கப்பா” என்று பிள்ளைகள் கேட்க அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த அனுமதிச் சீட்டு அது. இரண்டு நிமிடம் ஒளிச்சேர்க்கை, மீதி நேரம் யூடியூப் என்பது வேறு விஷயம்.

நம்மவரும் ஒருநாள் நேரில் ஒரு பள்ளிக்குப் போனார். புறநகர் அரசு உயர்நிலைப் பள்ளி. கணினி அறைச் சாவி தலைமையாசிரியரிடம். அவரோ வட்டார அலுவலகத்தில் மீட்டிங்கில். அவர் வந்து திறந்தபோது, பிளாஸ்டிக் உறை போர்த்திய பத்துக் கணினிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன. யாரும் தொட்டால்தானே அழியும்? யுபிஎஸ் பேட்டரி உப்பிப் போயிருந்தது. நாலு கணினிகள் உயிர் பெற்றன.

அடுத்த சிக்கல் மொழி. நம்மவருக்கு ஆட்டோக் கன்னடம்தான் தெரியும். ‘எஷ்டு’, ‘பர்த்தீரா’ இரண்டையும் வைத்துக்கொண்டு முக்கோணத்தின் உட்கோணங்களை விளக்க முடியாது. கணக்கு டீச்சர்தான் காப்பாற்றினார். ரஜினி படங்கள் பார்த்தே தமிழ் கற்றவர். ஜியோஜீப்ராவில் முக்கோணம் வரைந்து, ஒரு முனையை மவுஸால் பிடித்து இழுக்கச் சொன்னார் நம்மவர். டீச்சர் இழுத்தார். மூன்று கோணங்களின் எண்களும் துள்ளித் துள்ளி மாறின. கீழே கூட்டுத்தொகை மட்டும் 180-இல் அசையாமல் நின்றது. டீச்சர் இன்னொரு முனையை இழுத்தார். முக்கோணம் ஊசியாக மெலிந்தது, அப்போதும் 180. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து, “நானு, மேடம், நானு” என்று மவுஸைப் பிடுங்காத குறையாகக் கேட்டான். அடுத்த கால் மணி நேரம் நம்மவரை யாரும் சட்டை செய்யவில்லை. பக்கத்துக் கணினியில் சின்னப் பிள்ளைகள் டக்ஸ் பெயின்ட்டில் பென்குவினுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, ஒவ்வொரு கிளிக்குக்கும் அது போட்ட சத்தத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று: “எல்லாம் சென்னாகிதே சார். இந்தப் பிரிண்டர் மட்டும் ஒரு வருஷமா ஓடலை, கொஞ்சம் பார்க்கிறீங்களா?” நம்மவருக்கு மேகக் கணினியியல் தெரியும், செயற்கை நுண்ணறிவு தெரியும். பிரிண்டர் தெரியாது. உள்ளே சிக்கியிருந்த காகிதத்தை டீச்சரின் கொண்டை ஊசியால் எடுத்ததில் அது ஓட ஆரம்பித்தது. தலைமையாசிரியர் காபி வரவழைத்தார். ஜியோஜீப்ராவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

கருவியைவிட டீச்சர்தான் முக்கியம் என்பதை இந்த ஊர் பலமுறை சொல்லியாகிவிட்டது. ஆயிரக்கணக்கான பள்ளிகளில் கணினிவழிக் கற்றலை நடத்திப் பார்த்த அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையின் அனுராக் பெஹர், அதன் எல்லைகளை 2010-இல் மின்ட் நாளிதழில் வெளிப்படையாக எழுதினார். ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பு 2011-இலிருந்து கர்நாடகக் கல்வித் துறையோடு சேர்ந்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களையே கட்டற்ற மென்பொருளில் பழக்கியது. விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருளில் அவர்கள் கன்னடப் பாடப் பொருள்களைத் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் நிலைத்ததற்குக் காரணமும் அதுதான். அங்கே பயிற்சி கொடுத்தவர்களே ஆசிரியர்கள். வார இறுதிப் பொறியாளர்களை மட்டும் நம்பியிருந்தால் அப்ரைசல் மாதத்தில் மாநிலமே நின்றுபோயிருக்கும்.

நம்மவர் இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை அதே பள்ளிக்குப் போகிறார். நிரல் எழுதுவது குறைந்துவிட்டது. டீச்சர் சொல்லும் குறைகளைக் கேட்டு, அதை நிரலாளர்களுக்குப் புரியும்படி எழுதி அனுப்புவதே வேலையாகிவிட்டது. அது எழுதிய நிரலையெல்லாம்விட உபயோகமான பங்களிப்பு என்று அந்த இரண்டாம் வருட மாணவர் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

உங்களுக்கும் மனசாட்சி உறுத்தினால், தயவுசெய்து புது ஆப் எழுதாதீர்கள். இருக்கும் மென்பொருளைத் தமிழில் போட்டுப் பாருங்கள். மொழிபெயர்க்காமல் விட்டவை, பிழையாகப் பெயர்த்தவை கண்ணில் படும், அங்கிருந்து ஆரம்பிக்கலாம். வீட்டுக்கு அருகே ஒரே ஒரு அரசுப் பள்ளியைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழுக் கல்வியாண்டு விடாமல் போங்கள். முதல் நாள் போகும்போது லேப்டாப்பை மறந்தாலும் பரவாயில்லை; ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கட்டாயம் எடுத்துப் போங்கள்.