கால் வைத்தியர் இலக்கணம்

கால் என்னும் சொல்லுக்கு உறுப்பு, காற்று, நாலில் ஒன்று என மூன்று பொருள் உண்டு. மனித உடம்பில் எலும்பு 206. இரண்டு பாதத்துக்கும் சேர்த்து 52. ஏறக்குறைய நாலில் ஒன்று. பெயர் வைத்தவர் எண்ணித்தான் வைத்திருக்கிறார் என்பது அடியேன் துணிபு. மறுப்போர் எண்ணிவிட்டு வருக.

அந்தக் கால் பங்கையே பிழைப்பாகக் கொண்டோர் நேர்வழியார், சுற்றுவழியார் என இரு வகைப்படுவர். அமெரிக்கர் நேர்வழியார்: கல்லூரிப் படிப்புக்கு மேல் 4 ஆண்டு பாத மருத்துவம், 3 ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி, பெயருக்குப் பின்னால் டி.பி.எம். சுற்றுவழியார் நம்மவர். எம்.பி.பி.எஸ். முடித்து, அறுவை, எலும்பு, சர்க்கரை என்று ஏதோ ஒரு வாசலில் நுழைந்து, கடைசியில் காலில் வந்து விழுந்தவர்கள். அடியேன் இவ்வகை. பெண் பார்க்கப் போன இடத்தில் 'கால் டாக்டர்' என்று சொன்னதும், "முழு டாக்டராக இன்னும் எத்தனை வருஷம் தம்பி?" என்று கேட்டார் பெண்ணின் பெரியப்பா.

இத்தொழிலை இளப்பமாக எண்ணுவோர்க்கு ஒரு மேற்கோள். ஆபிரகாம் லிங்கனின் பாதத்தைப் பார்த்தவர் ஐசகர் சகாரி. 1862இல் அவருக்குத் தம் கையாலேயே நற்சான்று எழுதித் தந்த லிங்கன், பிறகு உள்நாட்டுப் போரின் நடுவே அவரையே நியூ ஆர்லியன்சுக்குத் தம் ஆளாக அனுப்பினார். எந்த இதய நிபுணருக்குக் கிடைத்தது இந்த வாய்ப்பு?

இனி நோயாளர். முள் குத்தியதும் ஓடி வருவோர், கால் ஆணியைப் பிளேடால் தாமே செதுக்கிவிட்டுத் தாமதமாக வருவோர், குத்தியதே தெரியாதோர். முன்னிருவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றாமவர்க்குச் சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கும். தொழுநோயும் நரம்பைத் தின்பதே. வேலூரில் தொழுநோயாளரைப் பார்த்த மருத்துவர் பால் பிராண்ட், புண் வருவதற்குக் காரணம் சதை அழுகுவதல்ல, வலி போய்விடுவதே என்று கண்டு சொன்னார். வலியை ஒழிக்கப் படித்துவிட்டு, வலி இல்லையே என்று கவலைப்படும் வினோதப் பிறவி கால் வைத்தியர் ஒருவரே.

காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் கருவியோ ஒரு நைலான் இழை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும். சென்ற மாதம் ஒரு பெரியவரிடம், "கண்ணை மூடிக்குங்க ஐயா, பட்டா சொல்லுங்க" என்றேன். கட்டைவிரலுக்கு அடியில் வைத்து அழுத்தினேன். இழை வில்லாக வளைந்தது. குதிகாலிலிருந்து சற்று மேலே ஒரு தரம், சுண்டுவிரலடியில் ஒரு தரம். அவர் கண்ணைத் திறக்காமலே, "ம், ஆரம்பிங்க சார்" என்றார்.

கால் வைத்தியர்க்குச் செருப்பும் ஓர் உறுப்பே. ஆனால் நம் மக்கள் மரியாதைக்காரர்கள். நோயின் பாதியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். நர்ஸ் போய்ப் பெரியவரின் செருப்பை எடுத்து வந்தார். அடியில் ஓர் ஆணி. அதன் முனை உள்பக்கம் அரிசி அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்த கறை. பெரியவர் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன வாரம்தான் சார் வாங்கினேன். அதுக்குள்ள ஓட்டையாயிடுச்சே."