பிப்பராட் தம்பி

லீவுக்குப் பெங்களூரிலிருந்து மலையேறி வரும் பிள்ளைகளில் இப்படி ஒரு ரகம் உண்டு. ஊரில் இருந்தவரை அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்காது. வெளியூரில் ஒரு ரூமும் கேஸ் அடுப்பும் கிடைத்ததும் உலகச் சமையல் அத்தனையும் அத்துப்படி. அரூரில் சித்தேரி பஸ்ஸைப் பிடிக்கும்போதே தம்பியின் பையில் குடைமிளகாயும் ஆலிவ் எண்ணெயும் இருக்கும்.

"இன்னிக்கு யாரும் கொழம்பு வெக்காதீங்க. பாஸ்க் நாட்டு பிப்பராட்!"

"அது எந்தப் பக்கம் கண்ணு?"

"பிரான்ஸும் ஸ்பெயினும் சேர்ற எடத்துல, பிரனீஸ் மலை ஆயா."

மலை என்றதும் ஆயா கொஞ்சம் மரியாதை கொடுப்பார்.

தம்பி சமைப்பது கொஞ்சம், வகுப்பெடுப்பது நிறைய. வெங்காயம் வெள்ளை, குடைமிளகாய் பச்சை, தக்காளி சிவப்பு. பாஸ்க் கொடியின் நிறமும் இதுவேதான் என்பார். எஸ்பெலெத் என்ற கிராமத்தில் மிளகாயைச் சரம் கோத்து வீட்டுச் சுவரெங்கும் காயப் போடுவார்கள், அதற்கு 2000-இல் பிரான்ஸில் ஊர்ப்பெயர் முத்திரையே கொடுத்துவிட்டார்கள் என்பார்.

"மொளகா காயப் போட்டதுக்கா?" என்பார் அப்பா, கூரைமேல் காயும் தன் மிளகாயைப் பார்த்தபடி.

மிளகாயும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறித்தான் அவர்களுக்கும் வந்தன, நமக்கும் வந்தன என்பதை மட்டும் தம்பி சொல்ல மாட்டார். சொன்னால் பிப்பராட் அந்த நிமிடமே தக்காளி முட்டைப் பொரியல் ஆகிவிடும்.

சட்டதிட்டங்கள் கடுமையானவை. கடுகு கூடாது. மஞ்சள் தூள் கூடாது. கறிவேப்பிலையோடு அம்மா நெருங்கினால் கையைப் பிடித்துத் தடுப்பார். பயோன் ஊர் உப்பிட்ட பன்றித் தொடைக்கறிக்கு அரூர் சந்தையில் வழியில்லாததால் அதற்கு ஒரு பெருமூச்சு. குடைமிளகாய் சிறுதீயில் குழைய வேண்டுமாம். விறகடுப்பில் சிறுதீ என்றால் அம்மா கொள்ளியை வெளியே இழுப்பதும் உள்ளே தள்ளுவதுமாகக் கண்ணெரிய உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கிடையிலும் பக்கத்து அடுப்பில் சாமைச் சோறு வடித்து, ரசம் வைத்து முடித்திருப்பார்.

கடைசியில் முட்டை. உடைத்து ஊற்றி, மெதுவாகக் கிளறி, ஈரம் காயுமுன் இறக்கிவிட வேண்டும் என்பது தம்பி கட்சி. "வேகலியே" என்று சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றுவது ஆயா கட்சி. மாநில ஆட்சிபோல் இரண்டும் மாறி மாறி நடந்து, ஒருவழியாகத் தட்டுக்கு வரும். போட்டோ எடுத்து முடிவதற்குள் ஆறியும் போகும்.

அப்பா சாமைச் சோற்றில் போட்டுப் பிசைவார். "நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பச்சமொளகா கிள்ளிப் போட்டிருந்தா…"

"அப்பா, இத ரொட்டிகூடத் தொட்டுச் சாப்பிடணும்!"

ஆயா மட்டும் கைகழுவிய கையோடு மூலையில் இருந்த தவிட்டுப் பானையைத் துழாவுவார்.

"இதுல இருந்த முட்டை எங்கடா?"

"அதத்தான ஆயா சாப்பிட்டோம். நாட்டுக்கோழி முட்டைன்னாதான் ருசி."

"அடை வெக்க எடுத்து வெச்சதுடா கண்ணு! ஏன், உங்க பாஸ்க் நாட்டுல ஒரு கோழிகூடக் குஞ்சு பொரிக்காதா?"